ஊரே பார்த்த தொடர் ஏன் ஊர் நினைவில் நிற்பதில்லை?

வேலூர்ப் பக்கம் குடியாத்தத்திலோ சத்துவாச்சாரியிலோ நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் ‘கோலங்கள்’ பற்றிக் கேட்டால் அபி, ஆதி, தொல்ஸ் என்று மூன்று பெயர்கள் உடனே வந்து விழும். தேவயானியின் முகம் நினைவுக்கு வரும். நடுவில் என்னென்ன நடந்தது, எந்தச் சிக்கல் எப்படி அவிழ்ந்தது என்று கேட்டால் பெரும்பாலும் தயக்கம்தான். 2003 முதல் 2009 வரை சன் டிவியில் 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடிய தொடர் அது. எபிசோடுக்கு 22 நிமிடம் என்று போட்டாலும் 550 மணி நேரம். தூங்காமல் பார்த்தால் 23 நாள் ஆகும். ஆறு வருடம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்த கதை, போகும்போது மூன்று பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ‘தரமில்லை’ என்பது. அது சோம்பேறிப் பதில். தரத்தில் சாதாரணமான எத்தனையோ சினிமா வசனங்கள் முப்பது வருடமாக டீக்கடைப் பேச்சில் உயிரோடு இருக்கின்றன. கோலங்களோ அதன் காலத்தில் கவனமாக எழுதப்பட்ட தொடர்களில் ஒன்று. மறதிக்கான காரணம், தொடர் ஓடுவதற்காகச் செய்யப்படும் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பத்து எபிசோட் விட்டவருக்கும் பதினோராவது எபிசோட் புரிய வேண்டும் என்பது தினத்தொடரின் முதல் நிபந்தனை. அந்த நிபந்தனைதான் தொடரை வருடக்கணக்கில் ஓட்டுகிறது. மறக்க வைப்பதும் அதுவே.

காதால் பார்க்கும் வீடுகள்

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் பீடி சுற்றுவது பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை வெட்டும்போது கண் கத்தரியை விட்டு அகலக் கூடாது. தூள் வைத்துச் சுருட்டுவதும் நூல் கட்டுவதும் முனை மடிப்பதும் கைப்பழக்கத்தில் ஓடும். ஆனாலும் பார்வை மடியிலிருக்கும் முறத்தின் மேல்தான். டிவிக்குக் காதை மட்டும்தான் கொடுக்க முடியும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும் அப்படித்தான்: அரிசி களைந்துகொண்டே, கூடத்திலிருந்து வரும் குரலைக் கேட்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் தொடரில் வரும் மனிதர்கள், எதிரில் நிற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடியும் சொல்கிறார்கள். “உன் கூடப் பொறந்த தம்பி, அதான் போன வாரம் உன் நகையைக் கொண்டுபோய் அடகு வெச்சானே, அவன் இப்ப வாசல்ல வந்து நிக்கிறான்” என்று நிஜத்தில் எந்த மாமியாரும் பேச மாட்டார். உறவு, நடந்தது, நடப்பது மூன்றும் ஒரே மூச்சில் வந்தால்தான் அடுப்படிக்குக் கதை போய்ச் சேரும். மூன்று முகங்களை மாறி மாறிக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் இசையைத் தூக்கி அடிப்பதும் இதற்காகத்தான். தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய இடம் இது என்று அறிவிக்கிறார்கள். கேலிக்கு ஆளான இந்த உத்திகள் எல்லாம் திறமைக் குறைவால் வந்தவை இல்லை. வேலை செய்துகொண்டே கேட்பவருக்காகச் சரியாக அளந்து தைத்தவை.

அளவுகோலும் காதைத்தான் எண்ணுகிறது. 2015 முதல் ரேட்டிங் கொடுத்துவரும் பார்க் (BARC) அமைப்பு, நாடு முழுக்க 50,000க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. சேனலின் ஒலியோடு ஒலியாக, காதுக்குப் பிடிபடாத ஒரு குறியீடு பதிக்கப்படுகிறது. மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு வீட்டார் ஆளுக்கொரு பொத்தானை அழுத்த வேண்டும். கண்கொட்டாமல் பார்த்தவரும் பீடி கட்டிக்கொண்டே கேட்டவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். வியாழக்கிழமை வெளிவரும் எண்ணிலிருந்து போன வாரம் எத்தனை பேர் டிவி முன்னால் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அவர்கள் எதை மனதில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. விளம்பரம் விற்க அது தேவையும் இல்லை.

2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுவதும் பல மணி நேர மின்வெட்டில் கிடந்தது நினைவிருக்கும். எட்டு மணித் தொடர் பாதியில் அணைந்துபோகும்; மறுநாளும் அதே கதி. அதற்கடுத்த நாள் பார்க்க உட்கார்ந்தவருக்குக் கதையில் ஓட்டை எதுவும் தெரியாது. விட்டது தெரியாதபடி கட்டிய கதையில், பார்த்ததும் தனியாகத் தங்குவதற்கு இடமில்லை.

அரை மணி நேரத்தின் கணக்கு

ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அரை மணி ஸ்லாட்டுக்கு 6 நிமிடம். தலைப்புப் பாட்டு, ‘முன்கதை’, கடைசியில் வரும் ‘நாளை’ ப்ரொமோ எல்லாம் கழித்தால் புதிதாக எடுக்க வேண்டியது 20 நிமிடம் சொச்சம். ஐந்தாறு காட்சிகள். திங்கள் முதல் வெள்ளி என்றால் வருடத்துக்கு 260 எபிசோட். சனிக்கிழமையும் சேர்த்தால் 312. ஆறு நாள் கணக்கில் வருடம் ஒன்றுக்கு நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் காட்சி எடுத்துத் தள்ள வேண்டும். நாற்பது சினிமா அளவு.

இவ்வளவுக்கும் தீனி போட ‘டிராக்’ என்ற அலகு இருக்கிறது. நான்கு முதல் எட்டு வாரம் ஓடும் ஒரு சிக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாண டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிச்சயதார்த்தம் ஒரு வாரம், அதில் ஒருவர் முகம் சுளிப்பார். பத்திரிகை, ஜவுளி, நகை என்று அடுத்த வாரம். நகை காணாமல் போகும், கிடைக்கும். மூன்றாவது வாரம் மண்டபம். மாப்பிள்ளையை யாராவது கடத்துவார்கள். நான்காவது வாரக் கடைசியில் தாலி கையில் இருக்கும்போது வாசலில் ஒரு குரல்: “நிறுத்துங்க!” அதோடு படம் உறையும். திங்கட்கிழமை வரைக்கும் ஊர் பேசும். அந்தப் பேச்சுக்காகத்தான் டிராக் மொத்தமும்.

பழுது அதற்கு அடுத்த வாரத்தில் வருகிறது. டிராக் முடிந்ததும் எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதே வீடு, அதே மாமியார், அதே பகை. இல்லாவிட்டால் அடுத்த டிராக்குக்கு அடித்தளம் கிடைக்காது. செத்தவர் வருவார், நின்றுபோன கல்யாணம் நடக்கும், நடந்த கல்யாணம் செல்லாமல் போகும், நினைவிழந்தவருக்கு நினைவு திரும்பும். கதையில் நமக்கு நிற்பது, இனி மாற்ற முடியாது என்ற கட்டத்தைத் தாண்டிய நிகழ்ச்சி. தினத்தொடரில் மாற்ற முடியாதது என்று எதுவும் இல்லை. அதனால் ஒரு பாத்திரம் செத்தால் பழகிய பார்வையாளர் அழுவதில்லை. எந்த வாரம் திரும்பி வருவார் என்று கணக்குப் போடுகிறார்.

ஆள் மாறுவதும் சேர்ந்துகொள்கிறது. ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அட்டை தமிழ்நாட்டில் நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. சம்பளம், சினிமா வாய்ப்பு, பிரசவம், கால்ஷீட் தகராறு என்று காரணம் ஆயிரம் இருக்கலாம். ஐந்து வருடம் ஓடும் தொடரில் அது தவிர்க்க முடியாதது. முகம் மாறியும் கதை ஓடுகிறதே என்று சேனல் நிம்மதியாக இருக்கும். ஆனால் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்வையாளர் பிடித்து வைத்திருக்காதபோது, அந்தப் பிடியும் கழன்றுவிடுகிறது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது இது வேறு விதமாகத் தெரிந்தது. அந்த வேடத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார். அனுபவமுள்ள நடிகர், குறை சொல்ல முடியாது. ஆனாலும் மீம்களிலும் பேச்சிலும் இன்றுவரை நிற்பது மாரிமுத்துவின் குரலும் இழுவையும்தான். கதை நிற்காத இடத்தில் ஒரு மனிதரின் பேசும் விதம் நின்றிருக்கிறது.

தலைப்புப் பாட்டு நிற்பதற்கும் இதே காரணம்தான். ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ இரண்டுக்கும் இசை தினா. தொடரிலேயே மாறாமல் தினமும் வந்தது அந்த ஒன்றரை நிமிடம் மட்டுமே என்பதால் அது மனப்பாடம் ஆனது.

சித்தூரில் முன்பே முடிந்த கதை

வேலூருக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி உண்டு: கதை எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சித்தூர் ஒரு மணி நேரப் பயணம். காட்பாடி, குடியாத்தம் பக்கம் எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் நிறைய. விஜய் டிவியில் ‘பாரதி கண்ணம்மா’ 2019இல் தொடங்கியபோது, அதே கதை தெலுங்கில் ‘கார்த்திக தீபம்’ என்ற பெயரில் 2017 முதலே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் மூலம், 2014இல் தொடங்கிய மலையாளத் தொடர் ‘கறுத்தமுத்து’. தெலுங்கு டிவி பார்க்கும் நாத்தனார் இருந்தால் போதும், அடுத்த வருடக் கதையைப் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மேற்கு வங்கத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் அதிகம். அங்கே பெங்காலி சேனல்கள் ஓடும். ‘பாக்கியலட்சுமி’யின் மூலமான ‘ஸ்ரீமொயீ’ பெங்காலியில் 2019இல் வந்தது. தமிழ் வடிவமும் ‘அனுபமா’ என்ற இந்தி வடிவமும் 2020 ஜூலையில் தொடங்கின. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பாக்கியா, அந்தப் பக்கம் லாட்ஜ் அறையில் அதே பெண்ணின் வங்காள உரு.

ரீமேக் தவறொன்றும் இல்லை. நல்ல கதை ஊர் ஊராகப் போவது பழைய வழக்கம். ஆனால் இந்தத் தொழிலில் எது போகிறது என்று கவனிக்க வேண்டும். எந்த ஊருக்கும் பொருந்தும்படி வீடு, சமையலறை, கணவன், இன்னொரு பெண் என்ற சட்டகம் மட்டும் போகிறது. பாலாற்று மணல், ஆரணித் தறி, விஷாரத்துத் தோல் வாடை எதுவும் அதில் ஒட்டாது. ஓர் ஊரின் மேல் ஒட்டாத கதையை எந்த ஊரும் தன்னுடையது என்று வைத்துக்கொள்வதில்லை. தலைப்பையும் கடன் வாங்குகிறார்கள். ‘ரோஜா’, ‘மௌன ராகம்’, ‘அண்ணாமலை’, ‘எதிர்நீச்சல்’ எல்லாம் சினிமாப் பெயர்கள். பத்து வருடம் கழித்து ஒருவர் இணையத்தில் தேடினால் முதலில் வருவது படம்தான். தொடங்கும் வாரம் எளிதாகப் பதிவதற்காக எடுத்த பெயர், பிறகு தொடரையே மறைத்துவிடுகிறது.

பதினெட்டாம் போர் எப்போது என்று தெரிந்த கதை

நீண்ட கதை என்றாலே மறந்துபோகும் என்று சொல்ல வட ஆற்காட்டில் யாருக்கும் வாய் வராது. செய்யாறு, ஆரணி, வந்தவாசி, ஆற்காடு சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் வைக்கிறார்கள். பல நாள் திருவிழா. பகலில் வில்லிபாரதம் வைத்துப் பிரசங்கம், இரவு பத்து மணிக்கு மேல் விடியும்வரை தெருக்கூத்து. பார்ப்பவர்கள் பாயில் படுத்துத் தூங்குகிறார்கள், எழுந்து டீ குடிக்கிறார்கள், மறுபடி பார்க்கிறார்கள். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் நடந்ததை மறுபடி மறுபடி சொல்கிறான். அதாவது தினத்தொடருக்கு உள்ள அத்தனை நிர்ப்பந்தமும் கூத்துக்கும் உண்டு: அரைத் தூக்கப் பார்வையாளர், இழுக்கப்பட்ட நேரம், திரும்பச் சொல்லல். ஆனாலும் கதை தலைமுறை தாண்டி நிற்கிறது. மகாபாரதம் என்பதால் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போவது பாதிதான்.

கூத்தின் அமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு இரவுக்கும் பெயர் இருக்கிறது. வில் வளைப்பு, பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். ஓர் இரவு வந்தவருக்கு அந்த இரவின் கதை முழுதாகக் கிடைக்கும். கர்ண மோட்சத்தைத் தனியாகப் பெயர்த்து எடுத்து, சாவு வீட்டுக் காரியத்துக்குக்கூட வைக்கிறார்கள். ‘எபிசோட் 743’ஐ அப்படி யாரும் வைக்க முடியாது.

இரண்டாவது, நடந்தது திரும்பாது. துகிலுரிந்த இரவில் அவிழ்ந்த திரௌபதியின் கூந்தல், கடைசி நாள் போர்க்களக் காட்சியான படுகளத்தில்தான் முடியப்படும். இடையில் எந்த டிராக்கும் அதை முடிந்துவிடாது. மூன்றாவது, முடிவு தேதி குறிக்கப்பட்டது. கடைசி நாள் காலையில் மைதானத்தில் மண்ணால் துரியோதனன் படுத்திருப்பான், மாலையில் தீமிதி. நோட்டீஸ் அடிக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். போன இரவு நல்ல கூட்டம் வந்தது என்பதற்காகப் பதினெட்டாம் போரை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போட எந்த நாட்டாண்மைக்கும் அதிகாரம் இல்லை.

தினத்தொடரில் முடிவை நிர்ணயிப்பது ரேட்டிங். எண் நன்றாக இருக்கும்வரை முடிக்க விடமாட்டார்கள். எண் விழுந்தால் நேரத்தை மாற்றுவார்கள், இரண்டு தொடரைச் சேர்த்து ‘மகா சங்கமம்’ வைப்பார்கள். அதுவும் உதவாவிட்டால் சில வாரத்தில் முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆயிரம் எபிசோட் கெடுதல் செய்தவர் கடைசி வாரத்தில் ஜெயிலுக்கோ மனமாற்றத்துக்கோ போய்ச் சேர்வது இப்படித்தான். பார்வையாளரில் பெரும்பகுதி அதற்கு முன்பே எழுந்து போயிருப்பார்கள். ஆக, உச்சத்தில் ஊரே பார்த்த தொடரின் முடிவை மிகக் குறைந்த பேர்தான் பார்த்திருக்கிறார்கள். முடிவு தெரியாத கதையை அடுத்தவருக்குச் சொல்ல முடியாது, சொல்ல முடியாத கதை பரவாது.

முடிவு மட்டும் சரிந்தாலே எவ்வளவு போகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’. 2011 முதல் 2019 வரை 8 சீசன், 73 எபிசோட். பணத்துக்கோ நேரத்துக்கோ குறைவில்லை. மூல நாவல்கள் முடிவதற்குள் தொடர் அவற்றை முந்திவிட்டது. சீசனுக்கு 10 என்றிருந்த எபிசோடுகள் கடைசி இரண்டு சீசன்களில் 7, 6 என்று சுருங்கின. இத்தனை வருடம் கட்டியதை அவசரமாக மூடினார்கள். கோபம் எவ்வளவு என்றால், கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நம்மூர்த் தொடர் இழுத்துக் கெடுகிறது, அது அவசரப்பட்டுக் கெட்டது.

நின்றவை

தமிழில் நின்றவை மிகச் சில; அவற்றை மேலே சொன்னதோடு பொருத்திப் பார்த்தால் காரணம் விளங்கும். 1990களில் நாகா இயக்கி இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ வாரத்துக்கு ஒருமுறை வந்தது. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயர் கொண்ட, முடிந்த கதை. ஊரும் கோயிலும் காவல் தெய்வமும் கதைக்குள்ளேயே இருந்தன. இன்னொரு மொழிக்கு அப்படியே பெயர்த்தால் கதை கழன்றுவிடும். தூர்தர்ஷனில் வந்த ராமானந்த் சாகரின் ராமாயணம் 78 எபிசோட்; 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது சில வாரத்தில் முழுவதையும் பார்த்து முடிக்க முடிந்தது. அதே ஊரடங்கில் சன் டிவி மறுஒளிபரப்புக்கு எடுத்தது 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யை. 800 எபிசோடுகளைத் தாண்டியது என்றாலும், ஓர் அப்பா, ஐந்து பெண்கள், ஐந்து புகுந்த வீடுகள் என்று எண்ணிச் சொல்லக்கூடிய கணக்கு அதில் இருந்தது. சரோவின் வீடு ஒரு கதை, லீலாவின் வீடு இன்னொரு கதை என்று பிரித்துப் பேச முடியும்.

பெயரை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது அதே வருடம் தொடங்கிய இன்னொரு தொடரில் தெரிந்தது. ‘சித்தி 2’ 2020 ஜனவரியில் தொடங்கியது; அடுத்த வருடத் தொடக்கத்தில் ராதிகா விலகினார், தொடர் அவரில்லாமல் 2022 வரை ஓடி முடிந்தது.

ஓடிடி வந்தால் எல்லாம் மாறும் என்றார்கள். எட்டு எபிசோட், முடிந்த கதை, ஒரே குழு. 2022இல் வந்த ‘சுழல்’ மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியாக எடுத்துக்கொண்டது. வேலூரில் பாலாற்றங்கரையில் அந்த விழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒட்டியது. ஆனால் எட்டையும் ஒரே நாளில் வெளியிட்டால் ஊர் சேர்ந்து காத்திருப்பது போய்விடுகிறது. ஒருவர் மூன்றில் இருப்பார், இன்னொருவர் முடித்திருப்பார். ‘கதையைச் சொல்லிடாதீங்க’ என்று இருவருமே வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டு வாரத்தில் பேச்சு அடங்கிவிடும். வாரம் ஒன்று என்று விடுவது இந்த விஷயத்தில் மேல்.

டேப்பும் பத்திரமும்

கடைசியாக, பேசப்படாத ஒன்று: பாதுகாப்பு. 1990களிலும் 2000களிலும் பல தயாரிப்பாளர்கள் சேனலுக்குக் கட்டணம் கட்டி ஸ்லாட் எடுத்து, விளம்பர நிமிடங்களைத் தாங்களே விற்றார்கள். உரிமை தயாரிப்பாளரிடம் இருந்தது. பிறகு சேனலே பணம் கொடுத்து எடுக்கவைக்கும் முறை வந்ததும் உரிமை சேனலுக்குப் போனது. பழையவை பீட்டா டேப்பில் இருந்தன. பூஞ்சை பிடித்தால் படம் கோடு கோடாகும்; ஓட்டிப் பார்க்க வேலை செய்யும் பிளேயர் கிடைப்பதே அரிது. செலவை மிச்சம் பிடிக்க ஒரே டேப்பில் மேலே மேலே பதிவு செய்ததும் உண்டு. 4:3 சட்டத்தில் எடுத்ததை இன்றைய அகலத் திரைக்கு இழுத்தால் முகமெல்லாம் பரந்துபோகும். இருபுறமும் கறுப்பு விட்டு அப்படியே போடுவதுதான் சரி. உணர்ச்சிக்காகப் பின்னணியில் ஓட்டிய சினிமாப் பாட்டுகளுக்கு உரிமை வாங்கியிருக்க மாட்டார்கள். யூடியூபில் ஏற்றினால் அந்த இடம் ஊமையாகும், அல்லது எபிசோடே எடுக்கப்படும்.

1,500 எபிசோட் தொடரை இன்று ஒருவர் பார்க்கத்தக்கதாகச் சுருக்க வேண்டுமானால் முன்கதை, ப்ரொமோ, விளம்பர இடைவெளிக்கு முன்னும் பின்னும் இரட்டிப்பாக வரும் காட்சி, மூன்று முக ஷாட்டுகள் ஆகியவற்றை முதலில் வெட்டலாம். எபிசோடுக்கு 12 நிமிடம் மிஞ்சினால்கூட 300 மணி நேரம். பழைய இடத்துக்கே திரும்பிய டிராக்குகளை முழுதாகத் தூக்கினால்தான் நாற்பது, ஐம்பது மணி நேரத்துக்கு வரும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணுக்குப் பதில் பெயர் வைக்க வேண்டும். இந்த வேலைக்கு மூல டேப்பும் உரிமைப் பத்திரமும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். ஸ்லாட் காலத் தொடர்கள் பலவற்றில் இவை ஒரே கையில் இல்லை.